அளவும் அழகும்

மண்ணில் புதைந்து கிடந்த ஒரு பானை ஓட்டினைக் கண்டெடுக்கும் ஆராய்ச்சியாளர், அதனை வனைந்த மக்களின் வாழ்க்கையை ஒருவாறு உணர்ந்து கூறுவர். அம்மக்கள் எதனை உண்டனர், எதனை அழகென்று போற்றினர், எத்துணைச் செல்வம் உடையராய் இருந்தனர் என்பனவற்றை அவ்வோடு வாய் திறவாமலே உரைத்துவிடும். மனிதன் தன் கையால் ஆக்கும் பொருள் ஒவ்வொன்றிலும் அவன் உள்ளம் படிந்து கிடக்கிறது. நூல் எழுதுவோர் தம் உள்ளத்தை ஓரளவு மறைத்தல் கூடும். பொருள் செய்வோர் அதனை மறைத்தல் அரிது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த அமெரிக்க மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோர், அவர்கள் செய்து ஓட்டிய மோட்டார்க் கார்களை நோக்குதல் வேண்டும். எகிப்தியர்க்குக் கூர்ங்கோபுரம் எவ்வாறோ, அவ்வாறே அமெரிக்கர்க்குக் கார் என்று கூறினும் மிகையாகாது. அக்கார்களுள் ஒன்று பியூயிக் ரிவியரா என்னும் பெயர் உடையது. 1962-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், மறு ஆண்டுக்குரிய வண்டியாக அது வெளிவந்தது. இரண்டு கதவுகளும், தாழ்ந்த கூரையும், நால்வர்க்கு மட்டும் இருக்கையும் உடைய அத்தகைய வண்டியைக் கூப்பே என்பர்.

அதனைக் கண்டோர் அன்று வியந்தனர், இன்றும் வியக்கின்றனர். அவ்வியப்புத் தக்கதே. ஆயினும், வியப்போடு நின்றுவிடுதல் அறிவுடைமை ஆகாது. அவ்வண்டியின் தோற்றத்தில் அளவு உண்டு. அதன் வயிற்றில் அளவு இல்லை. மிகையான அணிகளை நீக்கத் தெரிந்த கைகள், மிகையான பசியை நீக்க நினைக்கவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பவரே அவ்வண்டியை உள்ளவாறு காண்பவர் ஆவர்.

மிகுதியின் காலம்

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபோது, அமெரிக்க நாட்டின் தொழிற்சாலைகள் பகைவரின் குண்டுகளுக்கு இரையாகாமல் நின்றன. விமானமும் டாங்கியும் செய்துவந்த ஆலைகள் மீண்டும் கார் செய்யத் தொடங்கின. மக்களிடம் பொருள் இருந்தது. பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. 1956-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றினால் 41,000 மைல் நீளமுள்ள பெருஞ்சாலைகளை அமைக்கும் பணி தொடங்கப்பெற்றது. மக்கள் நகரங்களை விட்டுப் புறநகர்களில் குடியேறினர். கடைக்கும் தொழிலுக்கும் கார் இன்றிச் செல்ல இயலாத வாழ்வு உருவாயிற்று.

அந்நாளில் அமெரிக்கக் கார் நிறுவனங்களுள் தலைமை பெற்று விளங்கியது ஜெனரல் மோட்டார்ஸ். அதன் வடிவமைப்புத் துறைக்கு 1927 முதல் 1958 வரை தலைவராக இருந்தவர் ஹார்லி எர்ல் என்பவர். போர்க்காலத்தில் அவர் இரட்டை வாலுடைய பி-38 என்னும் போர் விமானத்தைக் கண்டு மகிழ்ந்தார். அவ்விமானத்தின் சாயல், 1948-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியின் பின்புறத்தில் இரண்டு சிறிய சிறகுகளாக முளைத்தது. மக்கள் அதனை விரும்பினர். விரும்பவே, சிறகு ஆண்டுதோறும் வளர்ந்தது. பிற நிறுவனங்களும் தம் வண்டிகளுக்குச் சிறகு பூட்டின. ஒருவன் ஒரு சாண் உயர்த்தினால், மற்றவன் ஒரு முழம் உயர்த்த எண்ணினான். 1959-ஆம் ஆண்டுக் காடிலாக்கில் அச்சிறகு தன் உச்சியை அடைந்தது. அதன்மேல் ஏவுகணை போன்ற சிவப்பு விளக்குகளும் பொருந்தியிருந்தன. வால் சிறகு முளைத்த கார் பறந்துவிடவில்லை. அதன் விலையே பறந்தது.

சிறகோடு நின்றதா? பளபளக்கும் குரோமியத் தகடுகளைக் கதவிலும் விளக்கிலும் சாளரத்திலும் ஒட்டினர். ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று வண்ணங்கள் தீட்டினர். சென்ற ஆண்டில் வாங்கிய வண்டி இவ்வாண்டில் பழையதாகத் தோன்றுதல் வேண்டும். அங்ஙனம் தோன்றினால்தான் மக்கள் மீண்டும் வாங்குவர் என்பது வணிகரின் கணக்கு. அழகு கூட்டுதலே நோக்கமாக இருந்திருப்பின் எங்கேனும் நிறுத்தம் ஏற்பட்டிருக்கும். விற்பனை கூட்டுதல் நோக்கமாக இருந்தமையால் நிறுத்தம் ஏற்படவில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தும் நஞ்சு என்னும் பழமொழி, தகட்டுக்கும் சிறகுக்கும் பொருந்துவதே.

புதுவண்டியின் பிறப்பு

எர்ல் ஓய்வு பெற்றபின், அவர் இடத்தில் பில் மிட்செல் அமர்ந்தார். மிட்செல் 1912-இல் பிறந்தவர்; ஓவியம் தீட்டுவதில் வல்லவர். எர்லிடம் பயின்றவராயினும் எர்லின் வழியையே அவர் பின்பற்றவில்லை. தகட்டைக் குவிப்பதால் வரும் பகட்டினை அவர் விரும்பவில்லை. இரும்புத் தகட்டின் வளைவும் மடிப்பும் ஒளியையும் நிழலையும் தாங்கி நிற்பதே வண்டிக்கு அழகு என்பது அவர் கொள்கை. அவர் ஒருமுறை இலண்டன் நகரம் சென்றிருந்தார் என்றும், பனி படர்ந்த இரவில் ஒரு விடுதியின் முன்னே ரோல்ஸ் ராய்ஸ் வண்டி ஒன்றைக் கண்டார் என்றும் கூறுவர். கத்தியின் வாய்போல் கூர்மையாக மடிந்த அதன் விளிம்புகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அக்கூர்மையோடு இத்தாலிய பெராரி வண்டியின் தாழ்ந்த உருவம் சேர்ந்தால் எவ்வாறு இருக்கும் என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்திற்கு உருவம் தந்து படம் வரைந்தவர் நெட் நிக்கல்ஸ் என்னும் வடிவமைப்பாளர்.

அப்படம் முதலில் பியூயிக்குக்காக வரையப்பட்டதன்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1927 முதல் 1940 வரை லாசால் என்னும் பெயரில் வண்டிகளை விற்றுவந்தது. அவை காடிலாக்கின் தம்பி போன்றவை. நின்றுபோன அப்பெயரை மீண்டும் வழங்கச் செய்தல் வேண்டும் என்பது மிட்செல்லின் விருப்பம். ஆனால் காடிலாக் பிரிவினர் அதனை ஏற்கவில்லை. தாம் செய்த வண்டிகள் யாவும் தடையின்றி விற்கும்போது, புதிய சுமை ஒன்றைத் தலையில் ஏற்றுவானேன் என்று அவர்கள் கருதினர்.

வேண்டாதவர் கைவிட்ட பொருளை வேண்டுவோர் எடுத்துக்கொண்டனர். பியூயிக் பிரிவு அந்நாளில் இறங்குமுகத்தில் இருந்தது. 1955-இல் 7 இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்த அப்பிரிவு, 1960-இல் 3 இலட்சத்தையும் எட்டவில்லை. அதே வேளையில், போர்டு நிறுவனத்தின் தண்டர்பேர்டு என்னும் வண்டி புகழ்பெற்று வந்தது. இருவர்க்கு மட்டும் இடம் அளித்த அவ்வண்டியை 1958-இல் நால்வர்க்கு உரியதாக மாற்றினர். 1960-இல் 90,000-க்கும் மேல் செய்தனர். அதனை எதிர்த்து நிற்கத் தக்க வண்டி ஜெனரல் மோட்டார்ஸிடம் இல்லை. ஆகவே மிட்செல்லின் வண்டியை யார் செய்வது என்னும் போட்டி பியூயிக், பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல் ஆகிய மூன்று பிரிவுகளிடையே எழுந்தது. பியூயிக்கின் தலைவர் எட்வர்டு ரோலர்ட் விளம்பரக் கலைஞரையும் துணைக்கொண்டு தம் வழக்கை எடுத்துரைத்து வென்றார். பியூயிக் பிரிவினர் அவ்வடிவத்தைப் பெரிதும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டனர். கைக்கு வந்த நல்ல பொருளைத் திருத்துகிறேன் என்று கெடுக்காமல் விடுவதும் ஓர் அறிவே.

குறைத்தலால் வந்த அழகு

வெளிவந்த வண்டியில் சிறகு இல்லை. பக்கங்களில் குரோமியத் தகட்டின் கோலம் இல்லை. மூக்கிலிருந்து வால்வரை ஓடும் பக்கவரி, பின்சக்கரத்தின் மேலே சிறிது தாழ்ந்து, தோள்போல் மீண்டும் எழுந்து செல்கின்றது. கூரையின் பின்பகுதி கூரிய விளிம்போடு இறங்குகின்றது. கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லை. கண்ணாடியைக் கீழே இறக்கினால் வண்டியின் பக்கம் முழுவதும் திறந்து, வெளி உலகோடு கலந்துவிடுகின்றது. முன்புறத்தின் இரு ஓரங்களிலும் ஒடுங்கி உயர்ந்த வலைத்தட்டிகள் நிற்கின்றன. அவை பழைய லாசால் வண்டியின் முகத்தை நினைவூட்டுவன. நீளம் 208 அங்குலம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 117 அங்குலம். அமெரிக்கப் பெருவண்டிகளின் நடுவே நோக்கின் இவ்வளவு அடக்கமானதே.

கூட்டிச் செய்யும் அழகு எளிது. குறைத்துச் செய்யும் அழகு அரிது. ஒரு தகடு கோணலாய் இருப்பின் அதன்மேல் மற்றொரு தகட்டை ஒட்டி மறைத்துவிடலாம். ஒட்டுத் தகடு வேண்டாம் என்று முடிவு செய்தால், அடித்தகடு பழுதின்றி அமைதல் வேண்டும். மறைப்பதற்கு இடம் இல்லாத இடத்தில் தொழில் தூய்மை பெறுகின்றது. சொல்வளம் மிக்க புலவன் வேண்டாத அடைமொழிகளை நீக்கும்போது செய்யுள் செறிவு பெறுவதில்லையா? அவ்வாறே இதுவும்.

அயல்நாட்டு அறிஞரும் இதனைப் போற்றினர். கார் வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்ற இத்தாலியர் செர்ஜியோ பினின்பரீனா, அமெரிக்க வடிவமைப்பு எளிமைக்குத் திரும்பியதன் அடையாளமாக இதனைப் பாராட்டினார். முதல் ஆண்டில் 40,000 வண்டிகளுக்கு மேல் செய்வதில்லை என்று பியூயிக் பிரிவினர் வரையறுத்துக்கொண்டனர்; அவ்வண்ணமே செய்தனர். மிச்சிகன் மாநிலத்துப் பிளிண்ட் நகரில் உள்ள ஆலையில் தொழிலாளர் அவற்றை உருவாக்கினர். 1963 முதல் 1965 வரை மூன்று ஆண்டுகளில் வெளிவந்தவை ஒரு இலட்சத்துப் பன்னீராயிரம் அளவின.

இது செல்வர்க்கு உரிய விளையாட்டுப் பொருள்தானே, இதனைப் பற்றி இத்துணைப் பேசுவது எதற்கு என்று சிலர் வினவுதல் கூடும். வினாவில் நியாயம் உண்டு. ரிவியராவின் தொடக்க விலை 4,333 டாலர். அவ்வாண்டில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் நடுத்தர வருவாய் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,200 டாலரே. ஏறத்தாழ 2,000 டாலருக்கே சிறிய கார்களை வாங்கலாம். எனினும், அழகு விலையால் வந்ததன்று என்பதை மறத்தல் ஆகாது. இதைவிட விலை மிகுந்த வண்டிகள் சிறகும் தகடும் சுமந்து அழகிழந்து நின்றன. ரிவியராவின் அழகு வேண்டாததை விட்டமையால் வந்தது. வேண்டாததை விடுதற்குச் செல்வம் தேவையில்லை, தெளிவே தேவை. குடிசையின் திண்ணைக்கும் மாளிகையின் முகப்புக்கும் இந்நெறி ஒன்றே.

குறையாத பசி

இவ்வாறு அணிகளைக் குறைத்தவர்கள், முன்மூடியைத் திறந்தால் தெரியும் எஞ்சினைக் குறைத்தார்களா? இல்லை. எட்டு சிலிண்டர்கள் கொண்ட அதன் கொள்ளளவு 401 கன அங்குலம். அதாவது ஆறரை லிட்டருக்குச் சிறிது மிகுதி. ஆற்றல் 325 குதிரைச் சக்தி. அதுவும் போதாதென்பார்க்கு 425 கன அங்குல எஞ்சினும் உண்டு. நின்ற நிலையிலிருந்து ஏறத்தாழ 8 வினாடியில் மணிக்கு 60 மைல் வேகத்தை அது எட்டிவிடும். 1964-இல் பான்டியாக் பிரிவினர் ஜி.டி.ஓ. என்னும் வண்டியை வெளியிட்டபின், அமெரிக்கர் 'மசில் கார்' என்று அழைத்த பேராற்றல் வண்டிகளின் காலம் பிறந்தது. ரிவியராவும் அப்போட்டியில் இறங்கிற்று. 1965-இல் வந்த அதன் 'கிரான் ஸ்போர்ட்' வகை 360 குதிரைச் சக்தி உடையது.

வண்டியின் எடை ஏறத்தாழ 4,000 பவுண்டு. அதில் ஏறிச் செல்பவரோ பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். பெட்ரோல் எரிவதால் எழும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படும். எஞ்சியது புகைக்குழல் வழியாகவும் நீர்த்தொட்டி வழியாகவும் வீணாகப் போகும். பயன்படும் அந்தச் சிறு பங்கிலும் பெரும்பகுதி வண்டியையே இழுக்கச் செலவாகும். மனிதனைச் சுமப்பதற்கு எஞ்சுவது மிகச் சிறிதே. ஒரு கேலன் பெட்ரோலுக்கு அது 15 மைலும் ஓடுவதில்லை. ஆயினும் கேலன் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 சென்டு கொடுத்தால் போதும் என்ற காலத்தில் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. பணப்பை உணராத செலவை மனமும் உணர்வதில்லை.

புகையின் கதை இன்னும் கொடியது. அத்தகைய எஞ்சின்களில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை மிக நெருக்கி அழுத்துவர். மிகுதியாக அழுத்தினால், தீப்பொறியால் மூண்ட தழல் பரவிச் சேருமுன்னரே கலவையின் ஒரு பகுதி தானே வெடித்து எஞ்சினைக் கெடுக்கும். அதனைத் தடுக்கப் பெட்ரோலில் ஈயம் கலந்த பொருள் ஒன்றைச் சேர்த்தனர். அதன் பயனை 1921-இல் கண்டறிந்தவரும் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தினரே. ஈயம் நஞ்சு. புகையோடு வெளியேறிய அந்நஞ்சு தெருவிலும் தோட்டத்திலும் படிந்தது; விளையாடும் குழந்தைகளின் உடலில் புகுந்தது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை அது குன்றச் செய்யும் என்று பின்னர்த் தெளிவாயிற்று. பளபளக்கும் வண்டி தெருவைக் கடந்து மறைந்துவிடும். அது விட்ட ஈயம் மறைவதில்லை.

காவலிலும் குறை இருந்தது. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம் பெருக்கற்குறி போன்ற வடிவில் அமைந்திருந்தது. அதனால் வண்டியைத் தாழ்வாகச் செய்ய முடிந்தது. ஆனால் பக்கத்திலிருந்து மோதும் வண்டியைத் தடுக்கும் வலிய சட்டம் கதவின் கீழே இல்லாது போயிற்று. தாழ்ந்த உருவம் கண்ணுக்கு இனியது. அதற்குரிய விலையை உள்ளிருப்போர் கொடுக்க நேரும். 1966-இல் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 50,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கார்களின் காவற்குறைகளை எடுத்துரைத்து ரால்ப் நேடர் எழுதிய நூல் 1965-இல் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே வண்டிகளின் காவலுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1968 முதல் புதிய கார்களில் இருக்கை வார் கட்டாயமாயிற்று.

காலத்தின் மேல் பழி

ரிவியராவை விரும்புவோர் இதற்கு ஒரு விடை கூறுவர். அக்காலத்தில் எல்லா வண்டிகளும் அப்படித்தான் இருந்தன; புகையின் தீங்கும் எண்ணெயின் அருமையும் அன்று எவருக்கும் தெரியா; பின்னர்ப் பிறந்த அறிவைக் கொண்டு முன்னோரைப் பழித்தல் முறையன்று என்பர். இவ்விடை ஓரளவு உண்மையே. ஒவ்வொரு பொருளையும் அதன் காலத்தோடு வைத்தே மதித்தல் வேண்டும். ஆயினும் காலத்தின் மேல் முழுப் பழியையும் சுமத்துமுன், அக்காலத்தில் அறிந்தோர் இருந்தனரா என்று பார்த்தல் நன்று.

அறிந்தோர் இருந்தனர். 1924-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஈயக் கலவை செய்த ஆலை ஒன்றில் தொழிலாளர் ஐவர் உயிர் இழந்தனர். அது குறித்து 1925-இல் அரசினர் மாநாடு கூட்டி ஆராய்ந்தனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கண்ணெரிக்கும் புகைமூட்டத்துக்கு மோட்டார்ப் புகையும் காரணம் என்பதை, ஹாகன் ஸ்மிட் என்னும் அறிஞர் 1950-களிலேயே விளக்கினார். 1965-இல் கிளேர் பாட்டர்சன் என்னும் விஞ்ஞானி, ஈயம் உலகெங்கும் பரவியுள்ளமையைச் சான்றுகளோடு வெளியிட்டார். அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் ராம்னி, பெட்ரோலை விழுங்கும் பெருவண்டிகளைப் பண்டைய பெருவிலங்குகளோடு ஒப்பிட்டு எள்ளினார். சிறிய ராம்ப்ளர் வண்டிகளைச் செய்து 1958-ஆம் ஆண்டின் மந்தநிலையிலும் விற்பனையை உயர்த்திக் காட்டினார். ரிவியரா வெளிவந்த அதே ஆண்டுக்குரிய ஸ்டூடிபேக்கர் அவாண்டி என்னும் அமெரிக்கக் கூப்பே, முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் பொருத்தி வந்தது. ரிவியராவோ டிரம் பிரேக்கோடு நின்றது. ஆகவே வேறு வழியும் இருந்தது. அவ்வழியில் நடந்தோரும் இருந்தனர். பெரும்பாலோர் அவ்வழியை நாடாமைக்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று, ஆசையுமே.

தோற்றத்தில் கண்ட அளவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1966-இல் ரிவியரா பெரிதாயிற்று. 1970-இல் எஞ்சின் 455 கன அங்குலமாக வளர்ந்தது. 1971-இல், படகின் பின்புறம் போன்று கூர்ந்து முடியும் கண்ணாடியோடு புதிய உருவம் வந்தது. நீளம் 217 அங்குலத்தையும் கடந்தது. அவ்வுருவத்தையும் விரும்புவோர் உளர். எனினும் 1963-இல் குறைத்தலையே கலையாகக் கொண்டவர்கள், எட்டே ஆண்டுகளில் கூட்டுதலுக்கு மீண்டுவிட்டனர் என்பது கண்கூடு. உள்ளே அடங்காத ஆசை வெளியே நெடுநாள் அடங்கியிராது போலும்!

தாமே குறைத்துக்கொள்ளாதவரைக் காலம் குறைக்கும். 1973-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. சில மாதங்களில் எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பெட்ரோல் நிலையங்களின் முன்னே வண்டிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. 1974-இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்கு மேல் செல்லலாகாது என்று சட்டம் வந்தது. 325 குதிரைகள் பூட்டிய வண்டியும், பாதி ஆற்றல் உடைய வண்டியும் ஒரே வேகத்தில் ஊர்ந்தன. 1977-இல் ரிவியராவும் நீளமும் எடையும் குறைந்து வந்தது. தெளிவினால் செய்திருக்க வேண்டியதை அச்சத்தினால் செய்தனர். பெட்ரோலில் ஈயம் கலப்பதை அமெரிக்கா படிப்படியாகக் குறைத்து, சாலை வண்டிகளுக்கு 1996-இல் முற்றிலும் விலக்கிற்று. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் அதனை நிறுத்திற்று. ஒரு தவறு பிறக்க ஓர் ஆய்வுக்கூடம் போதும். அது தீர ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

கற்கத் தக்கது

ரிவியரா என்னும் பெயர் 1999-ஆம் ஆண்டு வண்டியோடு நின்றுவிட்டது. அவ்வாண்டிலேயே பிளிண்ட் நகரத்துப் பெரிய பியூயிக் ஆலையும் மூடப்பட்டது. இன்று 1963-ஆம் ஆண்டு வண்டிகளைச் சிலர் துடைத்துப் பேணி, விழா நாள்களில் மட்டும் வெளியே ஓட்டுகின்றனர். அவ்வாறு பேணுதல் தவறன்று. நல்ல கைத்தொழிலைக் காப்பதும் ஒரு நாட்டின் கடமையே. அருங்காட்சியகத்தில் உள்ள வாளைப் போற்றுவோர் போரை விரும்புவோர் ஆகார். அவ்வண்ணமே ரிவியராவின் வடிவைப் போற்றுவோர் அதன் பசியைப் போற்ற வேண்டியதில்லை.

ஆனால் பாடம் கற்கப்பட்டதா என்பதே வினா. இன்று பெட்ரோல் வேண்டாத மின்சாரக் கார்கள் பெருகி வருகின்றன. அவை புகை உமிழ்வதில்லை, இது பெரும்பேறே. ஆயினும், அதே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2021-இல் விற்கத் தொடங்கிய ஹம்மர் என்னும் மின்வண்டியின் எடை 9,000 பவுண்டுக்கும் மேல். இரண்டு ரிவியராக்களின் எடையினும் மிகுதி. பசியின் பெயர் மாறியது, பசி மாறவில்லை. மின்கலம் செய்ய வேண்டிய உலோகங்களும் மண்ணிலிருந்தே தோண்டப்படுகின்றன. மின்சாரமும் எங்கோ ஓரிடத்தில் ஆக்கப்பட்டே வருகின்றது. எரிபொருளை மாற்றியதனால் அளவை மறந்துவிடலாம் என்று எண்ணுவோர், சிறகை நீக்கியதனால் எஞ்சினைப் பெருக்கலாம் என்று எண்ணியோரின் வழித்தோன்றல்களே.

ஆகவே, ஒரு பொருளை மதிக்கும்போது இரண்டு வினாக்கள் எழுப்புதல் வேண்டும். கண்ணுக்கு இனியதாய் இருக்கின்றதா என்பது ஒன்று. அது எதனை உண்டு வாழ்கின்றது, எதனைக் கழித்து விடுகின்றது, அதற்குரிய விலையைக் கொடுப்பவர் யார் என்பது மற்றொன்று. முதல் வினாவை மட்டும் கேட்போர் பகட்டுக்கு அடிமையாவர். இரண்டாம் வினாவை மட்டும் கேட்போர் அழகை இழந்து வறண்டு போவர். இரண்டையும் ஒருங்கே கேட்டவர்கள் 1963-இல் சிலரே இருந்தனர். நாளை வண்டி செய்யவும், வீடு கட்டவும், ஊர் அமைக்கவும் போகின்ற இளைஞர்கள் அச்சிலருள் சேர்தல் வேண்டும்.

மிட்செல்லும் நிக்கல்ஸும் ஒரு தகட்டின்மேல் மற்றொரு தகடு வேண்டாம் என்று துணிந்தனர். அத்துணிவினால் ஓர் அழகு பிறந்தது. அத்துணிவு எஞ்சின் வரை சென்றிருப்பின், அவ்வண்டி தன் காலத்தின் அணியாக மட்டுமன்றி, வருங்காலத்தின் வழிகாட்டியாகவும் நின்றிருக்கும். போதும் என்று சொல்லத் தெரிந்த கை அழகைப் படைக்கும். போதும் என்று சொல்லத் தெரிந்த மனமே அவ்வழகை உலகுக்குத் தீங்கின்றிக் காக்கும்.